விதியின் மீது ஏன் பழி?

ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் தெருவெல்லாம் முழங்காலளவு நீர் நிற்கத் தொடங்கியதும் நம் மிம்பர்களில் ஒரு பயான் தவறாமல் ஒலிக்கிறது. "இஃது அல்லாஹ்வின் நாட்டம், நம் பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை, கியாமத் நாள் நெருங்கிவிட்டதன் அடையாளம், பொறுமையாயிருங்கள்" என்பது அதன் சாரம். சித்திரை, வைகாசியில் அனல் வீசி, ஆழ்துளைக் கிணறுகள் நீருக்குப் பதில் காற்றைக் கக்கும்போதும் அதே பயான், சொல் மாறாமல் ஒலிக்கிறது. கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், துஆவுக்குக் கையேந்துகிறார்கள், வீடு திரும்புகிறார்கள். மழைநீர் எவ்வழியே வந்தது, எவ்வழி அடைபட்டதால் தெருவில் நின்றது, அடைத்தவர் யார் என்னும் கேள்வி அந்தப் பயானில் எழுவதேயில்லை. எழவிடாமல் தடுப்பதே அதன் பயனாகவும் போய்விட்டது.

துஆவைக் குறை கூற நான் வரவில்லை. மழைத்தொழுகை நபிவழி, இடுக்கண் வருங்கால் பொறுமை முஃமினின் அணி. என் வழக்கு வேறு. மனிதரின் கை செய்த வினையை இறைவனின் நாட்டம் என்னும் போர்வையால் மூடுவது, இறைவன் மீதே பழி சுமத்துவதாகும். இப்பழியை நம்மவர் மேடைகளில் சுமத்துகின்றனர். அண்மைக் காலமாக அரசு அலுவலகங்களிலும் இதனை வேறொரு பெயரால் சுமத்தத் தொடங்கியிருக்கின்றனர். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

விதியை நம்புதல் ஈமானின் அங்கம், ஐயமில்லை. ஆயின், விதியை நம்பிய முதல் தலைமுறையினர் அதனை எங்ஙனம் விளங்கியிருந்தனர்? கி.பி. 639ஐ ஒட்டி ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஷாமை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்ஃக் என்னுமிடத்தில் செய்தி அறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்து, வந்த வழியே திரும்புவதென முடிவு செய்தார்கள். இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவினார் படைத்தலைவர் அபூ உபைதா (ரலி). ஆம் என்றார்கள் கலீஃபா; இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்குத்தான் ஓடுகிறோம் என்றும் விளக்கினார்கள். பள்ளத்தாக்கு ஒன்றின் ஒருபுறம் பசுமை, மறுபுறம் வறட்சி என்றிருந்தால், ஒட்டகம் மேய்ப்பவன் எப்புறம் ஓட்டினாலும் அது விதிப்படியே நடப்பதல்லவா என்று உவமையும் காட்டினார்கள். புகாரியில் இடம்பெற்ற இந்நிகழ்ச்சியை அறியாத ஆலிம் நம் நாட்டில் இல்லை. கொள்ளைநோயைப் பற்றிப் பேசும்போது இதனை அழகாக எடுத்துரைப்பவர்கள், வெள்ளம் வந்தால் மட்டும் ஏன் மறந்துபோகின்றனர்?

திருமறையின் அர்ரூம் அத்தியாயம் 41ஆம் வசனத்தில், நிலத்திலும் கடலிலும் வெளிப்படும் சீர்கேட்டுக்கு மனிதரின் கைகள் தேடிக்கொண்டதே காரணம் எனக் கூறப்பட்டுள்ளது. 'கைகள்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். முஃபஸ்ஸிர்கள் அதற்குப் பாவங்கள் என்று விளக்கம் தந்தது உண்மைதான். எந்தப் பாவங்கள் என்று நாம் கேட்க வேண்டாமா? ஏரியின் உள்வாயில் கல் நட்டு மனை விற்பது பாவப் பட்டியலில் சேராதா? வரத்துக் கால்வாயை மண்கொட்டி மூடி, அதன் மேல் கல்யாண மண்டபம் எழுப்புவது சேராதா? நம் பெண்மக்களின் உடையும் பிள்ளைகளின் கைப்பேசியுமே வங்கக் கடலில் புயலை மூட்டின என்று இன்னும் எத்துணைக் காலம் சொல்லிக்கொண்டிருப்பது? மனை விற்றவர் முதல் ஸஃப்பில் அமர்ந்து இப்பயானைக் கேட்டுக் கண்ணீர் மல்குகிறார். அவர் மடியில் கனமில்லாமல் எழுந்து போகவே இது வழிசெய்கிறது.

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லியைக் கடந்து, திருமழிசைக்கு அப்பால் குத்தம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலைக்கு வடக்கே ஊர். சாலையின் மறுபுறம், தென்கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் ஒன்று. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாட்காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழையும் கொட்டின. ஓராண்டில் சென்னை பெறும் மழையே சராசரி 140 செ.மீ. அளவுதான்; அதில் மூன்றிலொரு பங்கு ஒரு நாளில் இறங்கிற்று. அன்று ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைமீறி ஜாபர்கான்பேட்டையையும் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் விழுங்கியது. உறங்கச் சென்ற குடும்பங்கள் விழித்தெழுந்தபோது கட்டிலடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

மழையை இறக்கியவன் இறைவன். மதகை எந்த மணிநேரத்தில், எத்துணை அடி உயர்த்துவது என்று முடிவு செய்தவர்கள் மலக்குகள் அல்லர். பெருமழை வருமென்று முன்னறிவிப்பு இருந்தும் ஏரியில் போதிய இடம் ஒழித்துவைக்கப்படவில்லை. ஆற்றின் கரைகளில் இருந்த ஆக்கிரமிப்புகளும் அகற்றப்படவில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அவ்வெள்ளத்தை அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. வேத அறிவு சற்றும் தேவைப்படாத கணக்கர்கள், ஏட்டைப் புரட்டிப் பார்த்து 'கைகள்' என்று எழுதினர். வேதம் ஓதியவர்கள் நாமோ 'விதி' என்றோம்!

நான்காண்டுகள் கழியவில்லை. 2019 கோடையில் அதே ஏரி, பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளோடு சேர்ந்து வறண்டு வெடித்தது. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இரயிலில் வந்திறங்கியது. வெள்ளத்தில் மிதந்த மாநகரம் குடத்தோடு வரிசையில் நின்றது. மழை பெய்தால் மூழ்குவதும் பெய்யாவிட்டால் தவிப்பதுமான ஓர் ஊரில், கோளாறு வானத்தில் மட்டுமே இருக்கிறது என்று எவர் நம்புவார்?

இனி, அலுவலகங்களின் விதிவாதத்துக்கு வருவோம். முன்பெல்லாம் அதிகாரிகள் "வரலாறு காணாத மழை" என்று சொல்லித் தப்பினர். இப்போது "காலநிலை மாற்றம்" என்னும் சொல் கைக்குக் கிடைத்திருக்கிறது. கால்வாய் தூர்ந்ததா? காலநிலை மாற்றம். ஏரியில் ஆகாயத் தாமரை படர்ந்ததா? காலநிலை மாற்றம். சதுப்பு நிலத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி தந்தது யார் என்று கேட்டால், உலகமே வெப்பமாகிக்கொண்டிருக்கிறதையா, நாங்கள் என்ன செய்வோம் என்று பெருமூச்சு. மிம்பரில் 'கத்ர்' செய்யும் வேலையைக் கோப்பில் இச்சொல் செய்கிறது. இரண்டும் கேள்வி கேட்பவனின் வாயை அடைக்கின்றன. 2015ஆம் ஆண்டு மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனைத் துருவி ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலார் சிலர், புவி வெப்பம் அம்மழையை மிகுவித்ததற்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்று 2016இல் வெளியிட்ட ஆய்வில் கூறினர். அறிவியலுக்கு இருந்த அந்த அடக்கம் கோப்பு எழுதுவோருக்கு இல்லை.

இதைக் கேட்டு, புவி வெப்பமாவதே மேனாட்டார் கட்டிய கதை என்று துள்ளுவோர் நம்முள் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். காற்றிலுள்ள கரியமிலவாயு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் என்பதை ஜான் டிண்டால் என்பார் 1859 முதல் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். நிலக்கரியை எரித்தெரித்து அவ்வாயு பெருகினால் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1896இல் கணக்கிட்டார். அன்று அதில் எவருக்கும் அரசியல் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. பதிவான ஆண்டுகளிலேயே வெப்பம் மிகுந்தது 2024. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரை பாகை செல்சியஸ் கூடுதல். காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. ஆகவே பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் பெய்யாக்கால் உறிஞ்சித் தீர்ப்பதும் உலகெங்கும் மிகுகின்றன. ஒரு குறிப்பிட்ட மழையின் மீது பழி போடலாகாது என்பது வேறு; காற்றின் கணக்கு மாறிவிட்டது என்பது வேறு. பின்னதை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வெயிலை மறுக்கிறார்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுவே: வரப்போகும் பெருமழைக்கும் பெருவெயிலுக்கும் ஊரை ஆயத்தப்படுத்த வேண்டியவர்கள், இருந்த காப்பையும் ஏன் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்?

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டுப் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் காண்கிறோம். இப்னு மாஜாவின் அறிவிப்பில், அவற்றுக்கு விலை வாங்குவது ஹராம் என்பதும் சேர்ந்து வருகிறது. கலத்தில் எடுத்த நீர் எடுத்தவனுடையது, அதனை விற்கலாம் என்று ஃபுகஹாக்கள் விதிவிலக்கு வகுத்தனர். ஊற்றும் ஆறும் மேய்ச்சல்வெளியும் ஒருவன் பெயரில் ஆகா என்பதில் அவர்கள் உறுதியாயிருந்தனர். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பாலைவனத்தில் சொல்லப்பட்ட இம்மூன்றும் இன்று நம் கண்முன் எப்படிப் பறிபோகின்றன என்பதற்குக் குத்தம்பாக்கமும் அதன் சுற்றுப்புறமுமே போதிய பாடம்.

புல்லிலிருந்து தொடங்குவோம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநகராட்சியின் குப்பையைக் கொண்டுவந்து கொட்ட இவ்வூரின் மேய்ச்சல் நிலம் குறிக்கப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்தெழுந்தனர். அந்நிலத்தில் விழும் மழைநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கே வடிகிறது. நகரத்தார் குடிக்கும் நீரிலேயே நகரத்தாரின் கழிவைக் கரைப்பீர்களா என்பது அவர்களது வாதம். மாநகரின் குப்பைமலை அங்கே எழவில்லை. 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவராயிருந்த இளங்கோ ரங்கசாமி என்னும் வேதிப் பொறியாளரின் முயற்சியால், சாதி வேறுபாடின்றி அண்டை அயலாய் வாழும் இரட்டை வீடுகளைக் கட்டி முன்பே பெயர் பெற்ற ஊர் அது. கூடி வாழப் பழகிய ஊருக்குக் கூடிப் போராடவும் தெரிந்திருந்தது.

இந்த வழக்கில் நம் ஃபிக்ஹு நூல்கள் யார் பக்கம் நிற்கின்றன? மதரஸாவில் ஹிதாயா ஓதிய மாணவர் ஒவ்வொருவரும் 'இஹ்யாவுல் மவாத்' பாடத்தைக் கடந்தே வந்திருக்கின்றனர். தரிசை உயிர்ப்பித்தவனுக்கு அது உரியது என்னும் பொதுவிதியைச் சொன்ன கையோடு, ஊரை ஒட்டிய நிலத்தை எவரும் தமதாக்கிக்கொள்ளக் கூடாது, அஃது ஊராரின் மேய்ச்சலுக்கும் அறுவடைக் களத்துக்கும் விடப்பட வேண்டும் என்று அங்கே விலக்கு வைக்கப்பட்டுள்ளது. நம் வருவாய்த்துறை 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதுகிறதே, அதுதான் இது. அதே பாடத்தில் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் 'ஹரீம்' உண்டு என்று படிக்கிறோம். கிணற்றைச் சுற்றி நாற்பது முழம், ஊற்றைச் சுற்றி ஐந்நூறு முழம். அவ்வெல்லைக்குள் பிறர் வந்து தோண்டக் கூடாது. ஹராம், ஹரம், ஹரீம் மூன்றும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. மக்காவின் எல்லைக்குள் வேட்டையாடலாகாது என்று தடுக்கும் அதே சொல், கிணற்றின் எல்லையையும் காக்கிறது. நாற்பது முழக் கிணற்றுக்கே இத்துணைக் காவல் என்றால், ஒரு மாநகரத்தையே குடிக்கவைக்கும் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு எத்துணைக் காவல் வேண்டும்! இதைப் பாடமாக ஓதிக்கொடுக்கிறோம், பட்டமும் தருகிறோம், ஜும்ஆவில் மட்டும் இதனைச் சொல்வதில்லை.

ஷாஃபியீ அன்பர்களுக்கும் ஒரு செய்தி. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஓர் ஊரின் ஹரீமில் அடங்குவன எவையென்று சொல்லுமிடத்தில், ஊரார் கூடும் மன்றத்தோடும் ஒட்டகம் படுக்குமிடத்தோடும் சாம்பல் கொட்டுமிடமும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளது. தன் குப்பைக்குத் தன் எல்லைக்குள்ளேயே இடம் வைத்துக்கொள்வது ஊரின் கடமையாம். அடுத்த ஊரின் மேய்ச்சல் நிலத்தில் கொட்டலாம் என்று எந்த மத்ஹபிலும் நான் படித்ததில்லை.

அரசு நினைத்தால் எந்தப் பொது நிலத்தையும் எவருக்கும் கொடுக்கலாமே என்பார் உளர். நபிகளார் (ஸல்) அவர்கள் மஃரிப் பகுதியின் உப்புவளத்தை அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களுக்கு வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது, பலருக்கும் பயன்படுவது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இறைத்தூதரே கொடுத்ததைத் திரும்ப வாங்கிய இடத்தில், ஓர் அரசாணையை எடுத்துக்காட்டி வாயடைப்பது எப்படிப் பொருந்தும்? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காப்பிட்ட மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனைய் என்னும் பணியாளரைக் காவல் வைத்தபோது, சிறு மந்தை உடைய ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்று கட்டளையிட்டார்கள். அவ்விருவரும் சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பெருமக்கள். ஆயினும் செல்வர், மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டம் இருக்கிறது, ஏழைக்கு என்ன இருக்கிறது என்பதே கலீஃபாவின் கணக்கு. இன்றைய காவலரோ மந்தை பெரிதானால் வாயிலை அகலத் திறக்கிறார்.

இப்போது குத்தம்பாக்கத்தில் புதிய புறநகர்ப் பேருந்து நிலையத்துக்காக ஏறத்தாழ 25 ஏக்கர் நிலத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பேருந்து வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு மோட்டார் வண்டியில் புகை கக்கிப் போவதைவிடப் பேருந்தில் கூடிப் போவது எவ்வளவோ மேல். ஆனால் நிலையத்தைச் சுற்றி விடுதியும் கடையும் மனையும் கிடங்கும் பெருகும், சாலை அகலும், சிமெண்டுத் தளம் ஏக்கர் ஏக்கராக விரியும். மண் குடித்துவந்த மழையை இனி எது குடிக்கும்? ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓடை எந்தப் பாலத்தின் கீழ், எத்துணை அகலத்தில் போகும்? இதற்கு எழுத்தில் விடை வாங்காமல் திறப்பு விழாவுக்குக் கைதட்டுபவர்கள், அடுத்த பெருமழையில் விதியை நொந்துகொள்ளும் உரிமையை இப்போதே இழந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது நெருப்பு. அரபியர் விறகையும் தீக்கடைகல்லையும் கருதினர். நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் கருத வேண்டும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்த நெருப்பைச் சிலர் தோண்டியெடுத்து விற்றனர். சிலர் எரித்துச் செழித்தனர். புகையில் மட்டும் எல்லாரும் பங்காளிகள் ஆனோம். அமெரிக்கர் ஒருவர் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமிலவாயு சேர்கிறது. இந்தியர் ஒருவர் பேரில் ஏறத்தாழ 2 டன். இந்த அநீதியை மறைத்துவிட்டு எல்லா மனிதரும் ஒருங்கே பாவிகள் என்று உபதேசிப்பதும் மோசடிதான். 2022இல் பாக்கிஸ்தானில் வெள்ளம் மூன்று கோடியே முப்பது லட்சம் மக்களைப் பாதித்தது; 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் புகையில் அவர்களது பங்கு நூற்றுக்கு ஒன்றளவே. கப்பலின் கீழ்த்தட்டிலுள்ளோர் தண்ணீருக்காக அடிப்பலகையில் துளையிட முனைந்தால், மேல்தட்டினர் தடுக்காவிடில் இரு சாராரும் மூழ்குவர் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். இன்று துளையிடுபவர் மேல்தட்டில் இருக்கின்றனர். கீழ்த்தட்டில் இருப்பவரின் காலை முதலில் நீர் நனைக்கிறது.

மேல்தட்டில் நம் உறவினரும் இருக்கின்றனர் என்பதை இவ்விடத்தில் விழுங்கிவிடக் கூடாது. தலைக்கு இத்துணை டன் என்று கணக்கிட்டால் உலக வரிசையின் உச்சியில் கத்தர் போன்ற வளைகுடா நாடுகளே வருகின்றன. அந்நாட்டு எண்ணெய்ப் பணத்தால் நம் தெருக்களில் மாடிகள் எழுந்தன. பெண்மக்களுக்கு மணம் முடிந்தது. மதரஸாக்களுக்குக் கட்டடம் கிடைத்தது. நன்றி மறக்க வேண்டியதில்லை. நன்றி வாயடைக்கவும் வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாடு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதிற்று. இத்தகைய மாநாடு இருபத்தெட்டாம் முறையாகக் கூடிய பின்னரே அச்சொல் ஏட்டில் ஏறியது. எண்ணெய் விற்கும் அரசுகள் இறுதிவரை முட்டுக்கட்டை போட்டன. அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,301 ஹாஜிகள் இறந்ததாக ஸவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பான்மையோர் அனுமதிச் சீட்டு இல்லாமல், குளிரூட்டிய கூடாரமும் வாகனமும் கிட்டாமல், வெயிலில் நடந்தவர்கள். இஹ்ராம் உடையில் உயிர் நீத்தவர்களை இறைவன் ஏற்பானாக! ஆனால் அங்கும் அதே பேச்சுத்தான் கேட்டது: புனித பூமியில் மரணம், எத்துணைப் பாக்கியம்! நிழல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டவரைக் காணோம்.

நம் சமுதாயம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2015இல் சென்னைப் பள்ளிவாசல்கள் மதம் பாராது கதவு திறந்தன. இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி உணவுப் பொட்டலம் சுமந்தனர். கோயில்களில் படிந்த சேற்றையும் வாரினர். மீட்பதில் நாம் முதல் ஸஃப். காரணம் கேட்பதில் மட்டும் கடைசி ஸஃப்பிலும் நம்மைக் காணவில்லை.

நம் சொந்த முற்றத்துக்கே வருவோம். ஒரு முத்து அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள், நபிகளார் (ஸல்) ஒளுச் செய்ததாக ஸஹீஹான அறிவிப்பு இருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை விரையம் செய்யலாகாது என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னதாக வரும் ஹதீஸின் தொடரில் பலவீனம் உண்டென்பர் வல்லுநர். முந்தைய ஹதீஸ் ஒன்றே நமக்குப் போதும். எந்தப் பள்ளியிலாவது குழாயடியில் ஒரு வாளியை வைத்து, ஒருவர் ஒளுச் செய்து முடிக்கையில் அது எவ்வளவு நிறைகிறது என்று பார்த்ததுண்டா? பழைய பள்ளிகளில் ஹவுள் இருந்தது, கையால் அள்ளினோம், எவ்வளவு குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தூர்த்துவிட்டுப் பளிங்குத் தரை போட்டு வரிசையாகக் குழாய் வைத்தோம். ஆழ்துளைக் கிணறு முந்நூறு அடி போதாமல் ஐந்நூறு அடிக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். 5,000 சதுர அடிக் கூரையுள்ள ஒரு பள்ளிவாசலின் மீது, 140 செ.மீ. மழைக் கணக்கில், ஓராண்டில் ஏறத்தாழ ஆறரை லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. இறைவனின் இல்லத்துக் கூரையில் இறைவன் இறக்கும் ரஹ்மத்தைச் சாக்கடைக்குக் குழாய் போட்டு அனுப்பிவிட்டு, முஸல்லிகளின் சந்தாவில் லாரித் தண்ணீர் வாங்கும் முத்தவல்லிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரே ஸஹனில் நால்வர் அமர்ந்து உண்டு, ஒரு செம்பில் நீர் பருகிய சமுதாயம் நாம். இன்று வலீமா விருந்தில் ஆளுக்கொரு நெகிழித் தட்டு, ஆளுக்கிரண்டு தண்ணீர்ப் புட்டி. பாதி குடித்தபடி, பாதி மூடியபடி விருந்து முடிந்து மேசையில் கிடக்கும். அவை எங்கே போகின்றன? ஏதோ ஓர் ஊரின் மேய்ச்சல் நிலத்துக்குத்தான். குத்தம்பாக்கத்து மக்கள் எதிர்த்து நின்றது நம் வீட்டு வலீமாக் குப்பையையும் சேர்த்தே என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

பிற நாட்டு முஸ்லிம்கள் உறங்கிவிடவில்லை. சென்னை மூழ்குவதற்கு மூன்று திங்களுக்கு முன், 2015 ஆகஸ்டில், பல நாட்டு அறிஞர்கள் இஸ்தான்புல்லில் கூடிக் காலநிலை பற்றிய இஸ்லாமியப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலின் கூரையில் சூரிய மின்தகடுகள் ஏறின. ஒளு நீரை மீட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடும் அங்கு உண்டு. இந்தோனேசிய உலமா சபை 2023இல் காட்டை எரிப்பதற்கும் அழிப்பதற்கும் எதிராக ஃபத்வாவே வழங்கியது. நம் உலமாக்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்; கிதாபுகளும் அதே கிதாபுகள்தாம். பிறை பார்ப்பதில் மூண்ட சண்டைக்கு ஆண்டுதோறும் செலவாகும் மையில் ஒரு பங்கை ஏரியின் ஹரீமுக்காகச் செலவிட்டிருந்தால், இந்நேரம் தமிழில் ஒரு நல்ல ஃபத்வாத் தொகுப்பு நம் கையில் இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் ஊராட்சிகள்தோறும் ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நவம்பர் முதல் நாள் வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் நிற்பது. அச்சபையில் எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். ஊரின் மேய்க்கால் நிலம் பதிவேட்டில் எத்துணை ஏக்கர், தரையில் எத்துணை ஏக்கர் என்று கேட்கலாம். ஏரிக்குச் செல்லும் வரத்துக் கால்வாய்களின் புல வரைபடத்தைச் சபையில் விரித்துக் காட்டச் சொல்லலாம். கலங்கலின் கீழே யாருக்கு மனைப் பட்டா கொடுக்கப்பட்டது என்று வினவலாம். நம் ஜமாஅத்துகள் ஒவ்வொன்றும் இவ்வாண்டு நவம்பர் சபைக்கு ஐவரை அனுப்பட்டும். இமாம் அவர்களுள் ஒருவராய்ச் செல்லட்டும். அங்கே கேட்கப்போகும் கேள்விகளை அதற்கு முந்தின வெள்ளியன்று, குத்பாவுக்கு முன் தமிழ்ப் பயானில், முத்தவல்லியையும் மனை வணிகரையும் முதல் ஸஃப்பில் வைத்துக்கொண்டே படித்துக் காட்டட்டும்.